முதலில் எழுந்து போகிறவன்

ஜனவரி 7, செவ்வாய்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கடலோரப் பாதுகாப்புக் கூட்டம். நான் சிறப்பு விருந்தினர். சந்தேகப்படும்படியான படகைக் கண்டால் உடனே கடற்படைக்குத் தகவல் சொல்லுங்கள் என்று நான் பேசினேன். டீசல் மானியம் போதவில்லை என்று அவர்கள் பேசினார்கள். அவரவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துக் கை தட்டிக்கொண்டோம்.

மேடைக்குப் போகிற வழியெல்லாம் புது பெயின்ட். கைப்பிடிக் கம்பியைத் தெரியாமல் தொட்டுவிட்டேன், வெள்ளைச் சட்டையில் நீலக் கோடு விழுந்துவிட்டது. நான் எங்கே போனாலும் முந்தின நாளே யாரோ வந்து பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். ரியர் அட்மிரல் ஆனதிலிருந்து அழுக்குச் சுவர் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. காசிமேட்டிலேயே மீன் வாடையை அமுக்கிவிட்டு பெயின்ட் வாடை அடிக்க வைத்த பெருமை எனக்குத்தான் சேரும்.

மேடையை விட்டு இறங்கும்போது பந்தல் ஓரத்தில் அமீருதீன் நின்றுகொண்டிருந்தான். கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் ஐந்து வருடம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது அதே தெருவில் பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறான். இன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியே அவனுடையதுதான். தாடி முழுக்க நரைத்துவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தான். நான் போனால்தானே அவன் நாற்காலியை அடுக்க முடியும்.

கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் ஜோபின் வந்து, "சார், வண்டி" என்றான். ஜோபின் என் ஃபிளாக் லெப்டினன்ட். நான் எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கியிருந்தன.

ஜனவரி 11, சனி

நாளை அக்காவும் அத்தானும் பத்திரிகை வைக்க வருகிறார்கள். அவர்கள் மகள் எழில்மொழிக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தானே!

அலமாரியைத் திறந்து மாமன் சீர்ச் சேலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். போன செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு ஒரு பள்ளி விழாவுக்குப் போனபோது வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாங்கியது. ஜோபினுக்கு அன்றைக்கு வியர்த்துவிட்டது. அரக்கு நிறம். எழில்மொழிக்கு அரக்கு பிடிக்குமா? என் மனைவி கோமதி இருந்தால் கேட்டிருக்கலாம். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. இந்த மாதிரி விஷயங்களை எல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

வாசலில் காவலுக்கு நின்ற மாலுமி அக்காவையும் அத்தானையும் நிற்க வைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன். அத்தான் தவசிமுத்து மொத்த மளிகைக் கடையில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். இங்கே சோபா நுனியில் பள்ளிக்கூடப் பையன்போல உட்கார்ந்தார். அக்கா அதற்கும் கொஞ்சம் நுனியில்.

"நல்லா கீறீங்களா தம்பி?"

கீறீங்களா. சின்ன வயதில் என்னைக் கொருக்குப்பேட்டை கேட் வரைக்கும் துரத்தித் துரத்தி அடித்தவள். செல்லக்கனி கையில் துடைப்பம் எடுத்தால் தெருவே உள்ளே போய்விடும். எப்போதிலிருந்து எனக்கு 'ங்க' போடுகிறாள்? தோளில் இரண்டாவது நட்சத்திரம் ஏறியதிலிருந்து என்று நினைக்கிறேன். அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

பத்திரிகை தாம்பாளத்தில் வந்தது. உச்சியில் தங்க எழுத்தில்: தலைமை, ரியர் அட்மிரல் சிவந்தி. அடியில் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். தாய்மாமன் என்று ஒரு வரி இல்லை. பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

"மாமன் முறையெல்லாம்..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் நீங்க கவலப்படாதீங்க தம்பி. அமீரு பாத்துக்கிறேன்னுச்சு. விடிகாலைல வந்து நிக்கணும். பொண்ண கை புடிச்சு மணவறைக்கு இட்டாரணும். கடசி பந்தி வரைக்கும் கூடவே இருந்து, அல்லாரும் துண்ணாங்களான்னு பாத்து, அப்பால மாமன் துண்ணணும். உங்கள அப்டி நிக்க வெக்க முடியுமா? நீங்க வந்து ஒக்காந்தாலே எங்களுக்குப் பெருமை."

"ரொம்ப நல்லது. அச்சு நன்றாக வந்திருக்கிறது" என்றேன். நானே சொன்னேன், இந்த வாயால்!

அமீருதீன் செய்வது ஒன்றும் தப்பில்லை. எழில்மொழிக்குக் காது குத்தியபோது நான் அந்தமானில் இருந்தேன், அவன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அவள் பெரியவளானபோது என் கப்பல் எங்கோ ஏடன் பக்கம், அப்போதும் அவன்தான் தட்டு எடுத்துப் போனான். ஆனாலும் நான் இப்போது இங்கேதானே இருக்கிறேன். ஆறு கிலோமீட்டர் தூரத்தில்.

கேட்டிருக்கலாம். நான்தான் மாமன், நான்தான் நிற்பேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முப்பத்தாறு வருடமாக எனக்கு எது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. யாராவது கோப்பில் எழுதிக் கொண்டுவந்து வைப்பார்கள், கையெழுத்துப் போடுவேன். யாரும் எழுதிக் கொண்டுவராத ஒன்றை எப்படிக் கேட்பது என்பதே மறந்துவிட்டது.

சேலையை அவர்களுக்குக் காட்டவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கொடி, அணிவகுப்பு, தேநீர். ஜூன் கடைசியில் எனக்கு ஓய்வு. சீருடையில் இது என் கடைசிக் குடியரசு தினம் என்று பேச்சில் யாரோ சொன்னார்கள். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்கள். ஒத்திகை நன்றாக நடந்திருக்கிறது.

ஜூலை முதல் தேதி காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? சிறப்பு விருந்தினராக வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூப்பிடட்டும். அதற்கப்புறம் எனக்கு மிச்சம் இருப்பது கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு. அங்கேயும் என்னைத் 'தலைமை'யில் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 31, வெள்ளி

துறைமுகத்துக்கு வந்திருக்கும் கப்பல் ஒன்றில் மாலை விருந்து. மேல்தளத்தில் சீரியல் பல்பு, மூலையில் பாண்டு வாத்தியம்.

கடற்படையில் இதற்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. மூத்தவர் தட்டை எடுக்கும்வரை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். மூத்தவர் கிளம்பும்வரை யாரும் கிளம்பவும் மாட்டார்கள், சத்தமாகச் சிரிக்கவும் மாட்டார்கள். அதனால் மூத்தவருக்கு மரியாதை தெரிந்திருந்தால் சீக்கிரம் எடுத்து, சீக்கிரம் வைத்துவிட்டு, சீக்கிரம் போய்விட வேண்டும். எனக்கு அதில் நல்ல பெயர். 'சிவந்தி சார் வந்தால் தொல்லை இல்லை' என்று இளம் அதிகாரிகள் பேசிக்கொள்வார்களாம். ஜோபின்தான் ஒருநாள் உளறினான்.

இன்றும் அப்படித்தான். இரண்டு மீன் துண்டு, நாலு பேரிடம் நலம் விசாரிப்பு. ஊதல் ஊதி வழியனுப்பினார்கள். கீழே வந்து கார் கதவைச் சாத்துவதற்குள் மேல்தளத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. வாத்தியக்காரர்கள் வேறு பாட்டுக்கு மாறினார்கள். கண்ணாடியை இறக்கிக் கொஞ்சம் கேட்டேன். கோமதி இருந்தவரைக்கும் காரில் அவளோடு அந்த விருந்தைப் பற்றிப் புறணி பேசிக்கொண்டே வருவேன்.

வீட்டில் தயிர் சாதம்.

பிப்ரவரி 10, திங்கள்

கல்யாணத்துக்கு ஜோபின் நிகழ்ச்சி நிரல் போட்டுக் கொண்டுவந்தான். வருகை, பொன்னாடை, தாலி கட்டு, நினைவுப் பரிசு வழங்கல், புறப்பாடு. மொத்தம் ஐம்பது நிமிஷம். நினைவுப் பரிசு என்றால் மரத்தில் செய்த கடற்படைக் கேடயம். எல்லாருக்கும் கொடுப்பது.

"சாப்பாடு?"

"அப்புறம் எண்ணூர் கடற்கரைத் தூய்மைப் பணி இருக்கு சார். அங்க சிற்றுண்டி ஏற்பாடு பண்ணியாச்சு."

கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திருவொற்றியூரில் மண்டபம். வாசலில் என் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது, சல்யூட் அடித்தபடி. பெண் மாப்பிள்ளை படத்தைவிடப் பெரிது. உள்ளே நுழைந்ததும் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு மைக்கில் என் பெயரையும் பதக்கங்களையும் வாசித்தார்கள். முன்வரிசையில் வெள்ளைத் துண்டு விரித்த தனி சோபா. அத்தை, சித்தப்பா எல்லாரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள், உட்காருங்கள் என்றேன். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

எழில்மொழியை அமீருதீன் கை பிடித்து அழைத்து வந்தான். வெள்ளை வேட்டி, தலையில் தொப்பி, தோளில் மடித்த துண்டு. நன்றாக இருந்தான். என் சோபாவுக்கு நேராக வந்ததும் நின்று, என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். நானும் பதிலுக்குத் தலையை ஆட்டினேன். கொஞ்சம் நின்றான். அப்புறம் போய்விட்டார்கள்.

தாலி கட்டி முடிந்தது. மாடியில் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது, சாம்பார் வாடை கீழே வருகிறது. ஆனால் ஒருவரும் மேலே போகவில்லை. படிக்கட்டில் வரிசையாக நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியாதா? கப்பல் கப்பலாகப் பார்த்ததுதான். இவர் எப்போது கிளம்புவார்?

எழுந்தேன். கேடயத்தைக் கொடுத்தேன், போட்டோ எடுத்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "தம்பி, மேல..." என்று ஏதோ தொடங்கினாள். "எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் அக்கா, எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்கள்" என்றேன். ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைப்பு எனக்கு. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கார் வரைக்கும் வந்தாள்.

எண்ணூரில் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கினேன். பிஸ்கட், டீ. காமிராக்காரர்கள் இன்னொரு தடவை பொறுக்கச் சொன்னார்கள், பொறுக்கினேன்.

சேலை அலமாரியிலேயே இருக்கிறது. எடுத்துப் போகக் கூடாதா? நான் என்ன மந்திரியா, கேடயம் கொடுத்துவிட்டு வருவதற்கு? என்ன மனுஷன்டா நீ, சிவந்தி.

பிப்ரவரி 19, புதன்

அக்கா போன் பண்ணவில்லை. கல்யாண அசதியாக இருக்கும்.

பிப்ரவரி 22, சனி

ராயபுரத்தில் பள்ளி ஆண்டு விழா. 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன' என்று ஒரு குட்டிப் பெண் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் கேட்டாள். நேரம் தவறாமை என்றேன். டீச்சர்கள் கை தட்டினார்கள்.

போன் இல்லை. நான் கிளம்பி வந்தபிறகு மண்டபம் கலகலவென்று இருந்திருக்கும். பந்தியில் அமீருதீன் எல்லாரையும் கேலி பண்ணியிருப்பான், அத்தான் இரண்டாம் முறை பாயசம் வாங்கி அக்காவிடம் திட்டு வாங்கியிருப்பார். அதையாவது போனில் சொல்லலாமே.

பிப்ரவரி 24, திங்கள்

நானே கூப்பிட்டேன். அத்தான் எடுத்தார். "அவ குளிக்கிறா தம்பி." சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். "இப்பதான் கோயிலுக்குப் போனா தம்பி." அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. வியாபாரி என்று பெயர்தான்.

என்ன செய்துவிட்டேன் நான்?

பிப்ரவரி 27, வியாழன்

வாசல் காவலிலிருந்து போன். அமீருதீன் என்று ஒருவர், முன்னனுமதி இல்லை, திருப்பி அனுப்பலாமா சார் என்று கேட்டார்கள். நானே எழுந்து வாசலுக்குப் போனேன்.

"இன்னா மாமு, உன்னிய பாக்கறதுக்கு ஆதார் கார்டுலாம் கேக்கறாங்கோ" என்றான். உள்ளே வா என்றால் வரவில்லை. தோட்டத்துப் படியில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

"ஒன்னு கேக்கறேன், பேஜார் பண்ணாம பதில் சொல்லு. பத்திரிகைல மாமன்னு போடலன்னுதான கோச்சிக்கினு பூட்ட?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? தாய்மாமன் கை நனைக்காம எழுந்து போனா இன்னா அர்த்தம்? மாப்ள வூட்டுக்காரன் கேக்கறான், இன்னா சம்பந்தி, மச்சானோட சண்டையான்னு. உங்க அக்கா அன்னிலேர்ந்து மூஞ்சி குடுத்துப் பேசல, யார்கிட்டயும்."

நான் கப்பல் விருந்தைப் பற்றிச் சொன்னேன். மூத்தவர் கிளம்பினால்தான் மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள், அதனால்தான் கிளம்பினேன், எல்லாரும் படிக்கட்டிலேயே நின்றார்களே என்றேன். அமீருதீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"மாமு, மேல மொத பந்தில மொத எலை உனுக்குத்தான் போட்டு வெச்சிருந்துச்சு செல்லக்கா. நீ வந்து ஒக்காந்தாதான் பந்தின்னுச்சு. நீ ஏறி வருவன்னுதான் நாங்க அல்லாரும் படில நின்னுகினு இருந்தோம். நீ இன்னாடான்னா கீழ எறங்கி கார்ல குந்திக்கினு பூட்ட."

நான் படியில் கிடந்த சருகு ஒன்றை எடுத்துக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"அந்த எலைய எடுக்க வுடல அது. அஞ்சு பந்தி ஓடிச்சு. அந்த எடத்துல ஒருத்தனையும் ஒக்கார வுடல. காஞ்சி போய்க் கெடந்துச்சு எலை. கடசில நான்தான் மடிச்சேன்."

கேட்க வேண்டியது எல்லாம் விட்டுவிட்டு, "நீ அன்றைக்குத் தலையை ஆட்டினாயே, வணக்கம்தானே அது?" என்று கேட்டேன்.

"வணக்கமா? பொண்ணு கைய நீ வந்து புடிடான்னு கூப்ட்டேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன், நீ சோபாலேர்ந்து எழுந்துக்கவே இல்ல. இவன் பெரிய ஆளாய்ட்டான், சரி, நம்மளே போலாம்னு பூட்டேன்."

அழுதுவிட்டேன். சீருடையில் இருக்கிறேன் என்பதே அப்புறம்தான் நினைவு வந்தது. அமீருதீன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தான். நாற்காலித் துணி வாடை அடித்தது.

"ஞாயித்துக்கெழம புள்ளயும் மாப்ளயும் விருந்துக்கு வர்றாங்கோ. வந்துடு. அந்த நட்சத்திர வண்டியலாம் இட்டாராத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 1, சனி

நாளை ஒரு படகுப் போட்டிப் பரிசளிப்பு. எனக்குப் பதில் துணை அதிகாரி போவார் என்று ஜோபினிடம் சொன்னேன்.

"காரணம் என்ன எழுத, சார்?"

"அக்கா வீடு."

பேனாவை வைத்துக்கொண்டு இன்னும் ஏதாவது வருமா என்று நின்றான். அவ்வளவுதான் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

புறநகர் ரயிலில் போனேன். தோளில் சேலைப் பை. ஏறும்போது ஒருவர், "பெரியவரே, வழிய வுட்டு நில்லு" என்றார். கொருக்குப்பேட்டை நிலையத்துச் சுவரில் வெற்றிலைக் கறை, கிழிந்த போஸ்டர், பாசி. கலீஜாகத்தான் இருந்தது. யாரும் எனக்காகப் பெயின்ட் அடித்து வைக்கவில்லை. கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் மொத்தமும் போகும்வரை சைக்கிள்காரர்களோடு நின்றேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பின்னால் தெருவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. எழில்மொழி "மாமா!" என்று ஓடி வந்தாள். அவளிடம் ஏற்கனவே மூன்று அரக்குச் சேலை இருக்கிறதாம். இருந்தாலும் உள்ளே போய் அதையே கட்டிக்கொண்டு வந்தாள். கூடத்தில் முருகர் படத்துக்குப் பக்கத்தில் என் கேடயம் தொங்குகிறது. அதற்கும் ஒரு முழம் பூ போட்டிருக்கிறார்கள்.

நான் ரசவாளியைப் பிடுங்கிக்கொண்டேன். அத்தான் "தம்பி, நீங்க போய்..." என்று பதறினார். கேட்கவில்லை. அமீருதீன் சோற்றுத் தாம்பாளத்தோடு முன்னால் போனான், நான் பின்னால். அவனுக்கு இன்று முதல் நோன்பு. சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அத்தனை பேருக்கும் சோறு போட்டான். இரண்டு பேருக்கு ரசத்தை இலைக்குப் பதில் வேட்டியில் ஊற்றிவிட்டேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கிட்டே போகும்போதெல்லாம் மாப்பிள்ளை இலையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தான். பந்தி முடிந்த பிறகும் அப்படித்தான். பிள்ளைகள் டிவி போடவில்லை. அத்தான் அந்த வெயிலிலும் சட்டைப் பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார். எல்லாரும் சுவரோரமாக நின்று சிரித்த முகமாக என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பழகிய அறிகுறிகள்தான். அக்கா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, இங்கேயும் அவ்வளவுதான் என்று தோன்றியது. வயிறு காந்தியது, அதைவிட மனசு. எழுந்தேன்.

"நான் கிளம்பறேன். நீங்களெல்லாம் கொஞ்சம் காலை நீட்டிப் படுங்கள்."

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையில் கரண்டி.

"எங்கடா போற?"

அத்தான் "செல்லக்கனி, அவரு..." என்று வாயெடுத்தார்.

"நீ சும்மாரு. எங்கடா போறேன்னு கேட்டேன். நீ இன்னாதான்டா நெனச்சிகினு கீற? அன்னிக்கு ஊரு முன்னாடி எலைய வுட்டுட்டுப் போன. இன்னிக்கும் போவியா? மாமன்னா அல்லாரும் துண்ணப்பொறம்தான்டா எழுந்துக்கணும். அமீரு இன்னும் துண்ணல, கண்ணு தெர்ல உனுக்கு? பாங்கு சொல்லி அவன் நோன்பு தொறக்கணும். அப்பால நீ துண்ணணும். அது வரிக்கும் ஒக்காருடா."

உட்கார்ந்தேன். அப்படியே தரையில்.

அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தான். யாரோ டிவி போட்டார்கள். அத்தான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக் குறட்டை விட்டார். அமீருதீன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எழில்மொழி என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து மாமியாரைப் பற்றி அக்காவிடம் குசுகுசுவென்று ஏதோ சொன்னாள். நான் இருக்கிறேன் என்று யாரும் நிறுத்தவில்லை. எந்த இடத்திலும் நான் இப்படிக் கடைசி வரை இருந்ததில்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து பாங்கு கேட்டது. அமீருதீன் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்தான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா நின்றாள். அப்புறம் ஒரு இலையைக் கழுவி எனக்கு முன்னால் போட்டாள்.

"நனைடா கைய."

சோறு ஆறிப்போயிருந்தது, ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல். அக்கா எதிரில் உட்கார்ந்து இன்னொரு இலையில் தனக்கும் போட்டுக்கொண்டாள். கீறீங்களா, வாங்க, போங்க ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே, ஜூலையிலிருந்து எங்கே இருக்கப் போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். மாடி காலியாகத்தான் கிடக்கிறது என்றாள்.

நான் கிளம்பியபோது ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எண்ணூர்ப் பக்கம் புதிய ரோந்துப் படகு ஒன்றின் அறிமுக விழா. வழியெல்லாம் பெயின்ட் வாடை. பேசினேன். தட்டை முதலில் எடுத்தேன், முதலில் வைத்தேன். எழுந்தேன். அத்தனை பேரும் எழுந்தார்கள்.

ஜோபின் கார் கதவைத் திறந்து பிடித்தான். உடனே ஏறவில்லை. அங்கேயே கொஞ்சம் நின்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் நிமிர்ந்து நின்று சிரித்தார்கள்.

உட்காருடா என்று யாரும் சொல்லவில்லை.